பழைய கேமரா, புதிய கண்
(வானொலியில் ஒலிபரப்பான நற்சிந்தனை உரை)



இன்று உங்களோடு ஒரு பழைய கேமராவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நற்சிந்தனை நேரத்தில் கேமராவுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அந்தக் கேமராவை வாங்கி, அதை ஒழுங்குபடுத்தி, ஒரு நல்ல படம் எடுப்பதற்குள், எங்கள் பங்கின் இளையோரும் பங்குத்தந்தையுமாக நாங்கள் சேர்ந்து ஒரு தவறு செய்துவிட்டோம். அந்தத் தவறையும், அது எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததையும் ஒளிக்காமல் சொல்லிவிடலாம் என்றுதான் வந்தோம்.

2024 நவம்பர் 30ஆம் நாளை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. ஃபெஞ்சல் புயல் நம் ஊர் அருகே கரையைக் கடந்த இரவு அது. கடந்த பிறகும் விலகிப் போகாமல் நம் தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. கிருஷ்ணா நகர் பக்கம் வீட்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை ராணுவத்தினர் வந்து மீட்டார்கள். எங்கள் கோவிலின் பின்னறையிலும் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அங்கிருந்த பீரோவின் கீழ்த்தட்டில்தான் பங்கின் பழைய ஆல்பங்கள் இருந்தன. புதுநன்மை எடுத்த பிள்ளைகளின் குழுப் படங்கள், தேர்பவனிப் படங்கள், மணி ஏற்றிய நாளின் படங்கள், இன்று கல்லறையில் உறங்குகிற எத்தனையோ பேருடைய முகங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் முதலில் செய்தது அவசரம். ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்த படங்களை வெயிலில் காயவைத்துப் பிய்த்தோம். முகங்கள் எல்லாம் அடுத்த தாளோடு உரிந்து போய்விட்டன. விவரம் தெரிந்த ஒருவர் பிறகு சொன்னார்: நனைந்த படங்களைக் காயவிடாமல், சுத்தமான தண்ணீரில் சற்று நேரம் ஊறவைத்து, மெல்லப் பிரித்து, முகம் மேலே இருக்கும்படி நிழலில் பரப்ப வேண்டும். சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை இழுக்கவே கூடாது. கண்ணாடியோடு அப்படியே வைத்து அதை இன்னொரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். இனி ஒரு வெள்ளம் வந்தால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நேயர்களே. எங்களுக்கு அது தாமதமாகத்தான் தெரிந்தது.

அப்போது இளையோர் ஒரு யோசனை சொன்னார்கள். பங்கில் போனது போகட்டும்; வீடுகளில் மிச்சமிருக்கும் பழைய படங்களையாவது எடுத்து வைப்போம், நம் தாத்தா பாட்டிகளையும் ஒவ்வொருவராகப் படம் பிடித்து வைப்போம் என்றார்கள். எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறதே என்று கேட்டோம். ஃபோன் அவரவருடையது, அது போனால் படமும் போய்விடும், கேமரா பங்கினுடையதாக இருக்கட்டும் என்றார்கள். நியாயமான பேச்சு. பழைய பேப்பர் சேர்த்து விற்றும், திருப்பலி முடிந்ததும் வாசலில் பணியாரம் விற்றும் பணம் திரட்டினார்கள்.

புதுக் கேமரா எங்கள் கைக்கு எட்டாது. மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமை கூடும் சந்தையில் சில வாரம் அலைந்தோம். கடைசியில் நகரத்தில் பழைய பொருள் வாங்கி விற்கும் ஒருவரிடம் ஒரு நிக்கான் டி90 கிடைத்தது. 2008இல் வெளிவந்த மாடல். லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். நம்முடையது கடற்கரை ஊர். ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்தால் சிலந்திவலைபோல் வெள்ளை இழைகள் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை. மகிழ்ச்சியோடு வாங்கி வந்தோம்.

வந்து பேட்டரியை சார்ஜ் ஏற்றிப் போட்டோம். திரையில் எழுத்து வந்தது. எல்லாம் பிரெஞ்சு! மற்ற ஊராக இருந்தால் திகைத்திருப்பார்கள். இது புதுச்சேரி. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் இன்றும் நம் நடுவே இருக்கின்றன. எங்கள் பங்கில் பிரெஞ்சு ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒரு சொல்தா தாத்தா இருக்கிறார். அவரிடம் கேமராவைக் கொண்டுபோனோம். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "டேய் தம்பி, இதோ பாரு, 'லாங்'னு போட்டிருக்கு. அப்படின்னா மொழி. இங்கே அழுத்து" என்றார். அழுத்தினோம். ஆங்கிலம் வந்தது. கூடவே அவர் இன்னொன்றும் சொன்னார்: "இதை வெச்சிருந்தவன் பாரிஸ்லேர்ந்து வந்தவன்டா. மணியெல்லாம் பாரிஸ் மணி." கடிகாரம் நின்றுபோய் மினுங்கிக்கொண்டிருந்தது. நம் நாட்டு நேரத்தையும் தேதியையும் வைத்தோம். தேதி தவறினால் எடுக்கிற ஒவ்வொரு படமும் தவறான தேதியைச் சுமந்துகொண்டு போகும். நாளைக்கு நம் பேரப்பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்கள்.

அடுத்து, கேமராவின் பார்வைத் துளையில் ஒரு தம்பி கண்ணை வைத்துப் பார்த்தார். எல்லாம் மங்கல். அடுத்தவர் பார்த்தார். அவருக்கும் மங்கல். கோவில் வாசலில் வைத்து ஒரு படம் எடுத்தோம். மாதாவின் வெள்ளை ஆடை நீலமாக விழுந்தது, படமும் இருண்டிருந்தது. "லென்ஸ் போச்சு ஃபாதர். கடைக்காரர் நம்மளை ஏமாத்திட்டார்" என்றார்கள். எங்களுக்கும் கோபம் வந்தது. அன்று மாலையே போய்க் கேட்டுவிடுவது என்று நான்கு பேர் வண்டியை எடுத்தாயிற்று.

நல்லவேளையாக, திருமணங்களுக்குப் படம் எடுக்கும் அண்ணன் ஒருவர் அந்நேரம் அங்கே வந்தார். கேமராவை வாங்கிப் பார்த்தார். பார்வைத் துளைக்குப் பக்கத்தில் கடுகளவு ஒரு சக்கரம் இருக்கிறது. அதைச் சற்றுத் திருகினார். உள்ளே தெரிந்த கட்டங்கள் பளிச்சென்று தெளிந்தன. "லென்ஸுல ஒண்ணும் இல்லை. முன்னால வெச்சிருந்தவரு கண்ணுக்கு ஏத்தமாதிரி இது திருகி இருந்துச்சு. உங்க கண்ணுக்கு நீங்க திருகிக்கணும்" என்றார். அது மங்கலாகத் தெரிந்தாலும் எடுத்த படத்தைப் பாதிக்காதாம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். நிறம்தான் மாறியிருந்ததே தவிர கூர்மையில் குறை இல்லை.

மத்தேயு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சொன்ன துரும்பும் மரக்கட்டையும் உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். எங்களுக்கும் வந்தது. ஒரு மனிதரைத் திருடர் என்று சொல்ல வண்டி ஏறிவிட்டோம். குறை இருந்ததோ நாங்கள் பார்த்த விதத்தில். மாமியாருக்கும் மருமகளுக்கும், அண்ணனுக்கும் தம்பிக்கும், பக்கத்து வீட்டோடும் நமக்கு வருகிற சண்டைகளில் எத்தனை இப்படி ஒரு திருகில் தீர்ந்திருக்கும்!

நிறம் மாறியதற்கும் அந்த அண்ணன் காரணம் சொன்னார். மஞ்சள் வெளிச்சம் தரும் குண்டு பல்புக்கு ஏற்றபடி நிறத்தை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த அமைப்போடு பகல் வெளிச்சத்தில் எடுத்தால் எல்லாம் நீலமாகத்தான் வரும். கேமராவின் மேல் பச்சைப் புள்ளி வைத்த இரண்டு பொத்தான்களைச் சேர்த்து இரண்டு விநாடிக்கு மேல் அழுத்திப் பிடித்தார். பழைய அமைப்புகள் போய், கேமரா தொடக்க நிலைக்கு வந்தது. மாதாவின் ஆடை வெள்ளையானது. "யாரோ தெரியாத ஆளு கண்டபடி மாத்தி வெச்சிருக்காங்க" என்று நாங்கள் சிரித்தோம். அந்தச் சிரிப்பு வெகு நாள் நிலைக்கவில்லை.

நேயர்களே, அந்தக் கேமராவுக்குள் ஒரு மெமரி கார்டும் இருந்தது. விற்றவர் எடுக்க மறந்திருக்கிறார். கார்டை அழிக்கவும் அதில் இரண்டு பொத்தான்கள் உண்டு. அவற்றில் சிவப்புக் குறி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும், எழுத்து மினுங்கும், மறுபடியும் ஒருமுறை சேர்த்து அழுத்தினால்தான் அழியும். ஒரு விரல் தெரியாமல் பட்டு எல்லாம் போய்விடக் கூடாது என்று செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். நாங்கள் அழிக்கவில்லை. யாருடைய படங்களோ, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்தோம். அதுவரை நல்லதுதான்.

ஆனால், யாருடையது என்று கண்டுபிடிப்பதற்காக என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு படமாகப் பார்த்தோம். திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரிக்கிற ஓர் அம்மா. அதே அம்மா பேரக்குழந்தையை மடியில் வைத்திருக்கிறார். அதே அம்மா கட்டிலில். மெலிந்து, வாய் திறந்து, அடையாளம் தெரியாமல். இரண்டு மூன்று படம் பார்த்ததுமே நிறுத்தியிருக்க வேண்டும். நாங்கள் நாற்பது ஐம்பது பார்த்தோம். கேள்வி மனதில் எழுந்தது, கை நிற்கவில்லை. அதோடும் விடவில்லை. ஒரு தம்பி, நல்ல எண்ணத்தோடுதான், கட்டிலில் இருந்த படம் ஒன்றை "இந்த அம்மாவை யாருக்காவது தெரியுமா?" என்று எழுதி வாட்ஸ்அப்பில் நான்கைந்து குழுக்களுக்கு அனுப்பினார். அனுப்பலாமா என்று அவர் எங்களைக் கேட்டார். அனுப்பு என்று நாங்கள்தான் சொன்னோம்.

கைக்குள் அடங்கும் முதல் கணினிப் படக் கருவி எதுவும் ஒரு நாளில் வந்துவிடவில்லை. 1975இல் அமெரிக்காவில் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். அதன் எடை ஏறத்தாழ மூன்றரை கிலோ. ஒரு படத்தைக் கேசட் நாடாவில் பதிய 23 விநாடி ஆனது. இன்று ஒரு படத்தை ஆயிரம் பேருக்கு அனுப்ப ஒரு விநாடிகூட வேண்டாம். அந்த 23 விநாடி எங்களுக்கு அன்று கிடைத்திருந்தால், யாராவது ஒருவர் "இது நம் வீட்டு அம்மாவாக இருந்தால் அனுப்புவோமா?" என்று கேட்டிருப்போம்.

இரண்டாம் நாள் ஒரு பெண் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அழவில்லை, சத்தம் போடவில்லை. "சாமி, எங்க அம்மா படம் உங்ககிட்ட இருக்கிறதாமே" என்றார். அம்மா இறந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. பிரான்சில் இருக்கும் அண்ணன் விடுமுறைக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போன கேமரா. வீட்டைக் காலி செய்தபோது பழைய சாமான்களோடு அதுவும் விலைக்குப் போயிருக்கிறது. கார்டு உள்ளே இருந்தது யாருக்கும் தெரியாது. அம்மா படம் ஊரெல்லாம் சுற்றுகிறது என்று காரைக்காலிலிருந்து ஒரு சொந்தக்காரர் ஃபோன் செய்து சொல்லித்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"எங்க அம்மா ரொம்ப நேர்த்தியா இருப்பாங்க சாமி. சேலை மடிப்பு கலையாம யார் முன்னாடியும் வரமாட்டாங்க. கடைசி மாசம் எங்களைத் தவிர யாரையும் அறைக்குள்ளேயே விடலை. ட்யூப் லைட் போட்டா கண்ணு கூசுதுன்னு குண்டு பல்புதான். அந்த வெளிச்சத்துல அண்ணன் ஒவ்வொண்ணா மாத்தி மாத்திப் பார்த்து எடுத்தாரு, அம்மா முகம் நல்லா விழணும்னு" என்றார். பிறகு கேட்டார்: "எல்லாத்தையும் பார்த்துட்டீங்களா?"

பார்த்தோம் என்று சொன்னோம். பொய் சொல்ல முடியவில்லை.

யாரோ கண்டபடி மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் சிரித்தோமே, அது ஒரு மகன் தன் தாயின் முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்று செய்து வைத்தது. அது அவருடைய வீட்டுக்கு, அந்த இரவுக்குச் சரியான அமைப்பு.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். படத்தை அனுப்பிய தம்பியும் முன்னால் வந்து நின்று கேட்டார். அந்த அம்மாவின் மகள் ஒன்றும் பேசாமல் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அன்றிரவு எல்லாக் குழுக்களிலும் அழிக்கும்படி வேண்டிக்கொண்டோம். பலர் அழித்தார்கள். எத்தனை பேர் அழிக்கவில்லை என்பது ஆண்டவருக்குத்தான் தெரியும். வில்லை விட்ட அம்பை யார் திருப்பிப் பிடிக்க முடியும்? எங்களை அதிகம் உறுத்தியது இதுதான்: விற்ற கடைக்காரரிடம் போய், "இதை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அவர் அந்த வீட்டையே காட்டியிருப்பார். யாரைத் திருடர் என்று சொல்லப் போனோமோ, அவரிடம் கேட்கத் தோன்றவில்லை.

அன்பு நேயர்களே, கையில் வந்ததெல்லாம் நம்முடையது ஆகிவிடுவதில்லை. கேமராவுக்கு விலை கொடுத்தோம். அந்தத் தாயின் நோய்ப்படுக்கைக்கு யாரும் விலை கொடுக்கவில்லை. தவறி நம் ஃபோனுக்கு வந்த செய்தி, அலுவலகத்தில் மேசைமேல் கிடக்கும் ஒருவரின் கோப்பு, நம்பி ஒருவர் நம் காதில் சொன்ன வீட்டுச் சங்கதி, எல்லாமே அப்படித்தான். நோவா தன் கூடாரத்தில் கிடந்த நிலையைக் கண்ட ஒரு மகன் வெளியே போய்ச் சொன்னான். மற்ற இருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்து போய்த் தந்தையைப் போர்த்தினார்கள் என்று தொடக்க நூல் 9ஆம் அதிகாரம் சொல்கிறது. பார்க்காமல் இருப்பதும் ஓர் அன்புதான். அதை நாங்கள் மறந்தோம்.

பழைய கேமரா, பழைய ஃபோன் விற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கார்டை எடுத்துவிட்டு விற்றுவிடுங்கள். அழித்துவிட்டோம் என்று நம்பிவிடாதீர்கள். பொத்தானை அழுத்தி அழித்த பிறகும் படங்கள் கார்டில் பெரும்பாலும் அப்படியே தங்கும். அட்டவணைதான் போகும். அதற்கென்று உள்ள மென்பொருளைக் கொண்டு வேறு யாரும் மீட்டுவிட முடியும்.

கேமராவை என்ன செய்வது என்று இளையோர் கேட்டார்கள். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு வந்தது. ஒரு மாதம் அதைத் தொடவில்லை. காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பூட்டி வைத்தோம். பிறகு உட்கார்ந்து எங்களுக்குச் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். ஒருவரைப் படம் எடுக்கும் முன் கேட்க வேண்டும். எடுத்ததை முதலில் அவருக்குக் காட்ட வேண்டும். வேண்டாம் என்றால் அவர் எதிரிலேயே அழிக்க வேண்டும். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், தேதி மூன்றையும் எழுதி வைக்க வேண்டும். அச்சிட்ட பழைய படமாக இருந்தால் பின்பக்கத்தில் பென்சிலால் மெல்ல எழுத வேண்டும். பேனா மை நனைந்தால் ஊறிவிடும். படங்களை இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். ஒன்றாவது மாடியில் இருக்க வேண்டும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். கடற்கரைக்குப் பக்கத்தில், செயின்ட் லூயிஸ் வீதியில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தென்னாட்டுக் கோவில்களின் படங்களை ஒரு லட்சத்துக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோக்களில் எடுத்த குடும்பப் படங்களையும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் தேடிப்போய், உரியவர்களிடம் கேட்டு, எண்மப்படுத்தினார்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்கு உதவியது. நாற்காலியில் அமர்ந்த கணவர், பக்கத்தில் கைவைத்து நிற்கும் மனைவி, முன்னால் பிள்ளைகள். நம் எல்லார் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒன்று இருந்திருக்கும். அதில் பல படங்களில் இருப்பவர் யார் என்று சொல்ல இன்று ஆள் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்த நேரம், அந்தப் பெண் மறுபடியும் வந்தார். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு சட்டம். அவருடைய அம்மா அப்பாவின் கல்யாணப் படம். ஃபெஞ்சல் வெள்ளத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஓரமெல்லாம் கறை ஏறியிருந்தது. முகங்கள் மட்டும் எப்படியோ தப்பியிருந்தன.

"பழைய படமெல்லாம் எடுத்துத் தர்றீங்களாமே. அண்ணன் கேமராவுலதானே எடுப்பீங்க?" என்று கேட்டார்.

கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காதபடி, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் சட்டத்தைச் சாய்த்து வைத்தோம். அன்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய அதே தம்பி கேமராவை எடுத்தார். முதலில் அந்தச் சிறு சக்கரத்தைத் தன் கண்ணுக்கு ஏற்பத் திருகிக்கொண்டார். ஆறு படம் எடுத்தார். ஒவ்வொன்றையும் அந்த அக்காவிடம் காட்டினார். அவர் ஒன்றைத் தேர்ந்தார்.

"படத்தை என்கிட்ட மட்டும் குடு தம்பி" என்றார்.

"சரிங்க்கா" என்று சொல்லி, அவர் கொண்டுவந்த பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து, பத்திரமாக இருக்கிறது என்று சொல்லும்வரை காத்திருந்தோம். மறுநாள் அவர் வந்தபோது, அவர் எதிரிலேயே, அந்தத் தம்பி சிவப்புக் குறி போட்ட இரண்டு பொத்தான்களையும் சேர்த்துப் பிடித்தார். எழுத்து மினுங்கியது. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். மறுபடி அழுத்தினார்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் கைக்கு வரும் ஏதாவது ஒரு படத்தை, ஒரு செய்தியை, அனுப்பும் முன் ஒரு கணம் நிறுத்துங்கள். அதில் இருப்பவர் எதிரில் நின்றால் தலையசைப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்படிக் கேட்கிற மனத்தை இறைவன் நம் எல்லாருக்கும் தருவாராக.

வணக்கம்.